குறி பார்ப்பதும் குறி சொல்வதும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மூக்குத் தாங்கியால். கண்ணாடிச் சட்டத்தில் மூக்கின் மேல் உட்காருமே, அந்தச் சின்ன ரப்பர் வில்லை. மாவட்டப் போலீஸான ஷெரீப் அலுவலகத்து லைல் ஹானகர் அதைத் தொலைத்துவிட்டு எங்கள் கண் மருத்துவமனைக்கு வந்தார். மாற்றிப் போட நாலு நிமிடம் ஆகும். லைலால் நாலு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அவர் சொன்னது கொஞ்சம், பிறகு இன்னொருவர் சொன்னது கொஞ்சம், யாரும் சொல்லாமல் நானே இட்டு நிரப்பியது மீதி.

மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலை ஊரில் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை. டாக்டர் வருவதற்கு முன் எழுத்து வாசிக்கச் சொல்வேன், கண் அழுத்தம் பார்க்கக் காற்று ஊதுவேன், வளைந்த சட்டத்தை நிமிர்த்துவேன். நோயாளிகளைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே பெயர்கள் எல்லாம் பொய். எந்தக் கண் என்பதையும் மாற்றியிருக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்லன் பிக்கெட் என்ற ஐம்பத்தேழு வயது துணை ஷெரீபுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. உள்ளே ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியும், அவ்வளவுதான். இது அவருடைய மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. (அடுத்த வாக்கியத்தை எழுதி அடித்துவிட்டேன்.)

2

தொடக்கம் அ: "மார்ச் மாதத்துச் சேறு பூட்ஸை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்ட காலையில், ஆர்லன் பிக்கெட் தன் துப்பாக்கியை—"

அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.

தொடக்கம் ஆ: "இருபத்து மூன்று வருடமாக அவருடைய துப்பாக்கியின் மேல் இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன. கைப்பக்கம் ஒரு பள்ளம், வாய்ப்பக்கம் ஒரு மேடு. பள்ளத்துக்குள் மேட்டைப் பொருத்தி எதிரே வைத்தால் குண்டு அங்கே போகும். இப்போது அதற்குப் பதிலாகத் தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கேயோ குண்டு அங்கே."

இது பரவாயில்லை. ஆனால் அந்த இரும்புத் துண்டுகளுக்குத் தமிழில் என்ன பெயர்? குறி என்று எழுதினேன். முன்குறி, பின்குறி. மதுரையில் இருக்கும் தோழிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ஏண்டி, போலீஸ்காரனோட குறியப் பத்தியா எழுதற?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "வயசான காலத்துல உனக்கு இது தேவையா?"

சிரிப்பு அடங்கியதும் அவளே கேட்டாள். "குறி பாக்கறதுன்னா சுடறது. குறி சொல்றதுன்னா கண்ணுக்குத் தெரியாதத உடுக்கை அடிச்சுச் சொல்றது. உன் ஆளு ரெண்டுல எதுடி பண்றான்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த மொழியில் எந்த வாக்கியம் எழுதினாலும் ஒரு கண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்மூடித்தனம், கண்துடைப்பு, கண்கூடு, கண்டிப்பு. இந்தக் கதைக்குள் கண் வைத்த சொற்கள் வேண்டாம் என்று ஒரு விதி வைத்தேன். அடுத்த பகுதியிலேயே அது உடைகிறது.

3

காலை ஆறே முக்கால். ஆர்லன் அடுப்படியில் நின்றபடியே பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். நெட்டா போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு மார்பில் வந்த புற்று எலும்புக்குப் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றுகிற வரை இருப்பாள்.

"இன்னைக்குப் புதுத் துப்பாக்கியா?"

"துப்பாக்கி பழசுதான், கண்ணு. மேல ஒரு கண்ணாடி வெக்கறாங்க."

(அவர்கள் பேச்சில் அது தேன் என்ற சொல். தேனே என்று எழுதினால் சினிமா வசனம் ஆகிவிடுகிறது. புருஷன் பெண்டாட்டியை அப்படிக் கூப்பிட என்னிடம் இருப்பது கண்ணு மட்டும்தான். மன்னித்துவிடுங்கள்.)

"உங்க சார்ஜன்ட் கேண்டஸ்கிட்ட சொல்லிடு, ஆர்லன். நல்ல பொண்ணு அவ."

"நல்ல பொண்ணுதான். அதனால சட்டப்படி நடப்பா. ஒத்தக் கண்ணன ரோட்டுல விட மாட்டா. நம்ம ஜெயிலையும் மூடியாச்சு, உக்காத்தி வெக்க மேசையும் கெடையாது. வீட்டுக்குப் போன்னுருவாங்க. அப்புறம் என் வேலையோட வர்ற உன் இன்சூரன்சு?"

"நான் எத்தன நாளைக்கு..."

"வாய மூடு."

நெட்டா போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் ரொட்டியின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம் என்று சுடுகளம் போய்ச் சேரும் வரை நினைத்துக்கொண்டே ஓட்டினார். வீட்டு வாசலில் இடது பக்கக் கம்பத்தில் வண்டி லேசாக உரசியது. இந்த மாதம் இரண்டாவது முறை.

(நெட்டாவை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சீக்கிரம் நகர்கிறேன்.)

4

சுடுகளம் என்பது பெரிய சொல். நெடுஞ்சாலைத் துறையின் கொட்டகைக்குப் பின்னால் பழைய ஜல்லிக் குழி. ஆள் உருவம் வரைந்த அட்டைகளுக்கு எதிரே ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். பயிற்சி கொடுத்தவர் சார்ஜன்ட் கேண்டஸ் ரூப், முப்பத்தெட்டு வயது, குரலை உயர்த்தாதவர்.

இரும்பை விட்டுப் புள்ளிக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. துப்பாக்கியை உயர்த்துவார்கள், கண்ணாடிக்குள் ஒன்றும் இருக்காது. புள்ளி எங்கே போயிற்று என்று துப்பாக்கியின் மூக்கை மேலும் கீழும் ஆட்டித் தேடுவார்கள். புள்ளி எங்கேயும் போகவில்லை, இவர்கள் மணிக்கட்டு வழக்கம்போல் சற்று மேலே தூக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று காலை ஒன்பது பேரும் தேடினார்கள். முதலில் கண்டுபிடித்தவர் பிக்கெட்.

கண்டுபிடித்ததும் அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. பள்ளம் இல்லை, மேடு இல்லை, மங்கலான இரும்பு இல்லை. ஒற்றைக் கண்ணுக்கு இது போதும். இதற்காகவே செய்ததுபோல் இருந்தது. பத்துக்குப் பத்து. இந்தச் சனியன் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

ஆனால் சுடும்போது இடது கண்ணை மூடிக்கொண்டார். பழைய ஆட்கள் எல்லோரும் இரும்போடு அப்படித்தான் பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் மூன்று வருடமாக அவருக்கு மறைப்பு.

வரிசையில் பக்கத்தில் நின்ற லைல் சும்மா இருக்கவில்லை. "யோவ் பிக்கெட்டு, அட்டையில இருக்கறவனப் பாத்து ஏன்யா கண்ணடிக்கற? அவன் வெக்கப்படறான் பாரு."

"அவனாவது வெக்கப்படறானே. உனக்கு அதுவும் கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். கேண்டஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"பிக்கெட், ரெண்டு கண்ணையும் தொறந்து வைங்க. இதுல புள்ளியப் பாக்கக் கூடாது, ஆளப் பாக்கணும். புள்ளி தானா வந்து ஆள் மேல உக்காரும்."

"சரிங்க சார்ஜன்ட்."

இரண்டையும் திறந்தார். அவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மறுபடி பத்துக்குப் பத்து. மத்தியானச் சாப்பாட்டின்போது லைல் தன் உருளை வறுவல் பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வயதானவர், புதுக் கருவி, வெற்றி. ஏதாவது ஒரு பத்திரிகை போட்டிருக்கும்.

5

மத்தியானம் கேண்டஸ் ஒரு காகித டேப்புச் சுருளோடு வந்தார். பெயின்ட் அடிப்பவர்கள் சுவரோரம் ஒட்டுவது. இரண்டு கண்ணையும் திறந்து சுடப் பழக்க, ஒவ்வொருவர் துப்பாக்கியிலும் அந்தப் புள்ளிக் கண்ணாடியின் முன்பக்கத்தை மூடி ஒட்டினார்.

(நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு நாணயத்தைக் கை நீட்டிப் பிடித்து வலது கண்ணுக்கு நேரே வையுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து, நாணயத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பாருங்கள். நாணயத்தின் ஊடாகவே சுவர் தெரியும். இடது கண் சுவரைக் கொடுக்கிறது, வலது கண் நாணயத்தைக் கொடுக்கிறது, மூளை இரண்டையும் ஒட்டிவிடுகிறது. இப்போது இடது கண்ணை மூடுங்கள். அதுதான் பிக்கெட்.)

டேப் ஒட்டிய கண்ணாடியின் வழியே மற்ற எட்டுப் பேரும் அட்டை மனிதனைப் பார்த்தார்கள், அவன் மார்பில் சிவப்புப் புள்ளியையும் பார்த்தார்கள். "அட, மாயம்டா இது," என்று கத்தினார் லைல். பிக்கெட் பார்த்தது பழுப்புக் காகிதம். அதன் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

"மாயம்தான்," என்றார் பிக்கெட்.

அட்டையின் தோள்களும் தலையும் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தன. அதை வைத்து நடுவை ஊகித்துச் சுட்டார். சற்றுச் சிதறினாலும் மார்பில்தான் விழுந்தது. வியர்வை மட்டும் நிற்கவில்லை.

பிறகு கேண்டஸ் புது அட்டைகளை மாட்டினார். இவை கயிற்றை இழுத்தால் திரும்பும். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், அட்டை திரும்பும், அதில் ஓர் ஆளின் படம் இருக்கும். கையில் துப்பாக்கி இருந்தால் சுட வேண்டும், போன் இருந்தால் சுடக் கூடாது. ஒன்பது அட்டையிலும் ஒரே படம்.

பிக்கெட்டுக்குக் கை இருக்கும் இடத்தை டேப் மறைத்தது.

கயிறு இழுபட்ட சத்தம் கேட்டது. லைல் சுட்டார். பிக்கெட்டும் சுட்டார். மறுபடி கயிறு. லைல் சுடவில்லை. பிக்கெட்டும் சுடவில்லை. காதால் பார்த்தார் என்று எழுதலாம், ஆனால் அது சாமர்த்தியமான வாக்கியம், அவர் அப்போது இருந்த நிலைக்குப் பொருந்தாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன்போல் கூசிப்போயிருந்தார் என்பதே சரி.

ஆறு முறை திரும்பியது. ஆறும் சரி.

"பிக்கெட்," என்றார் கேண்டஸ். "நீங்க எப்பவும் அரை நொடி லேட்டு."

"வயசாச்சுல்ல சார்ஜன்ட்."

"காலையில ஆகலையே." யோசித்தார். "எல்லாரும் பின்னாடி வாங்க. பிக்கெட், நீங்க மட்டும் நில்லுங்க. மூணே மூணு."

6

இங்கேதான் மாட்டிக்கொண்டு இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன்.

ஆர்லன் பிக்கெட் துப்பாக்கியை உயர்த்தி நின்றார். பழுப்புக் காகிதம், சிவப்புப் புள்ளி. பின்னால் எட்டுப் பேர் மூச்சு விடும் சத்தம். அவர் இருபத்து மூன்று வருடத்தில் வேலையில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. அதைப் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் படுக்கப் போகும்போது சில சமயம் நினைத்துக்கொள்வார்.

கயிறு. சுட்டார். கையில் துப்பாக்கி. சரி.

கயிறு. சுடவில்லை. போன். சரி.

என் தோழி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். உடுக்கை ஒன்றுதான் பாக்கி.

மூன்றாவது கயிறு.

முடிவு அ: அதிர்ஷ்டம் மறுபடி அவர் பக்கம். எல்லோரும் கை தட்டுகிறார்கள். அவரால் அந்தக் கைதட்டலைத் தாங்க முடியாமல் அன்று மாலையே கேண்டஸிடம் போய்—

(இதை எழுதும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நிம்மதிக்காக எழுதியது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.)

முடிவு ஆ: துப்பாக்கியைத் தாழ்த்தி, "எனக்குத் தெரியல சார்ஜன்ட்," என்கிறார். மூன்றே சொற்கள். வேலை போகிறது. நெட்டா...

நெட்டாவை அந்தப் புள்ளிகளில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேர் அப்படி விட்டிருப்பார்கள் அவளை.

நடந்தது இ. இதை நான் கட்டவில்லை. கேண்டஸ் ரூப் சொன்னது. ஏப்ரலில் கான்டாக்ட் லென்ஸ் வாங்க வந்தபோது, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வேடிக்கைபோல் ஆரம்பித்தார்.

"உங்க பேஷன்ட் பிக்கெட் ஒரு பொம்பளைய சுட்டுட்டாரு, தெரியுமா? கவலப்படாதீங்க, அட்டப் பொம்பள. மூணாவது அட்ட. கையில போனு. நெஞ்சுல ரெண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. இந்த மனுஷனுக்கு எடது கண்ணு தெரியலையோன்னு தோணிச்சு. நெசமாவே தோணிச்சு. போயி அவரு ஃபைல எடுத்துப் பாத்தேன். உங்க ஃபாரம் இருந்துச்சு. பிப்ரவரில எடுத்தது. ரெண்டு கண்ணும் சரின்னு உங்க கையெழுத்து."

நான் லென்ஸ் பெட்டியைத் திறந்து மூடினேன்.

"அது மட்டும் இல்லைன்னா அன்னைக்கே வண்டிச் சாவிய வாங்கியிருப்பேன்," என்றார் கேண்டஸ். "டேப்பு புதுசு, பழகலன்னு எழுதி பாஸ் போட்டுட்டேன். சரிதானே நான் செஞ்சது?"

"சரிதான்," என்றேன்.

7

அடித்துவிட்டேன் என்று முதல் பகுதியில் சொன்ன வாக்கியம் இதுதான்: எனக்கும் தெரியும்.

பிப்ரவரியில் வேலைக்கான வருடாந்திரப் பரிசோதனைக்கு அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார்; அதற்கு டாக்டர் வேண்டாம், என் கையெழுத்தே போதும். இடது கண்ணை மறைத்துவிட்டு வலது கண்ணால் வாசித்தார். தெளிவாக, மெதுவாக. பிறகு மறைப்பை வலது கண்ணுக்கு மாற்றினேன். வேறு வரி போட வேண்டும் என்பது விதி. பொத்தானை அழுத்தினேன், ஆனால் விரல் தவறிவிட்டது. திரை வெறும் வெள்ளையாகிவிட்டது.

நான் சரிசெய்வதற்குள் அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒன்றுமே இல்லாத வெள்ளைத் திரையைப் பார்த்து, எழுத்து எழுத்தாக, பழைய வரியை ஒப்பித்தார். கடைசி எழுத்தில் சற்றுத் தயங்குவதுபோல் நடித்தார்கூட. ஓவாக இருக்கலாம், சீயாக இருக்கலாம் என்றார்.

"சீதான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். வெளியே நெட்டா உட்கார்ந்திருந்தாள், உண்மை. முடியெல்லாம் கொட்டிய பிறகு அவளுக்கு மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும், நான்தான் இறுக்கிக் கொடுப்பேன், அதுவும் உண்மை. இரக்கம் என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். இரக்கம் பாதிதான். மீதி, அந்த அறையில் அந்த நேரத்தில் ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூச்சம். கண்டும் காணாமல் விடுவது என்று நம் மொழியில் இருக்கிறதே, கண் வைத்த சொல் வேண்டாம் என்று விதி வைத்ததே அந்த ஒன்றுக்குப் பயந்துதான்.

என் தாளை நம்பி கேண்டஸ் பாஸ் போட்டார். சுடுகளத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நம்பி நான் தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தாளுக்கும் நடுவே ஒருவர் சீருடையோடு, இடுப்பில் சிவப்புப் புள்ளியோடு, சாலையில் வண்டிகளை நிறுத்திக் கதவோரம் போய் நின்று கையைக் காட்டச் சொல்கிறார். தெருவில் இப்போது டேப் கிடையாதுதான். ஆனால் அவருக்கு இடது பக்கம் என்று ஒன்றும் கிடையாது. கதவின் இடது பக்கத்திலிருந்து யாராவது, பயந்துபோய், கையில் எதையாவது வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினால் அவர் மறுபடி ஊகிக்கத்தான் வேண்டும். அட்டைப் பெண்ணுக்கு வீடு கிடையாது. சாலையில் வருகிறவர்களுக்கு உண்டு.

இந்த ஒரு வருடத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடுகிறேன்.

8

இந்தக் கதைக்கு முடிவு இல்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அது வருகிற செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு இருக்கிறது. வருடாந்திரப் பரிசோதனை. பதிவேட்டில் பிக்கெட் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

என்ன நடக்கும் என்று தெரியும். நெட்டா கூட வருவாள். இந்த முறை சக்கர நாற்காலியில் வருவாள் என்று லைல் சொன்னார். ஆனால் மருந்து கேட்கிறதாம், டாக்டர்களே ஆச்சரியப்படுகிறார்களாம். "இன்னும் ரெண்டு வருஷம் இழுத்துருவா போலருக்கு," என்றார் லைல், மகிழ்ச்சியாகத்தான். நெட்டா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். கண்ணாடியைக் கழற்றி நீட்டுவாள், இறுக்கிக் கொடுப்பேன்.

அவர் உள்ளே வந்து உட்காருவார். விளக்கை அணைப்பேன். வலது கண்ணால் வாசிப்பார். மறைப்பை மாற்றுவேன். எழுந்து போய்விடலாம் என்றும், வேறு யாரையாவது அனுப்பலாம் என்றும் யோசித்தேன். எங்கள் மருத்துவமனையில் இந்த வேலைக்கு வேறு யாரும் இல்லை.

ஆகவே நீங்கள் வந்து உட்காருங்கள். என் ஸ்டூல் சற்று ஆடும், பழகிவிடும். பொத்தான் உங்கள் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. அழுத்தினால் வரி மாறும். அவர் பழைய வரியையே சொல்வார், அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அழுத்தாவிட்டால் எல்லாம் சரியாகவே இருக்கும், தாளில் ஒரு கையெழுத்துதான். கதவு முழுக்கச் சாத்தவில்லை, வெளியே நெட்டா யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அவர் ஆரம்பித்துவிட்டார். இன்னும் மூன்று எழுத்து இருக்கிறது.